எல்லோருக்கும் போட்ட வரி

ஜூன் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

நாலைந்து நாளாக உனக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டேன். நீ எடுப்பதாக இல்லை. ஆபீஸ் முகவரிக்கு மெயில் அனுப்பலாம் என்றால், இந்த நேரத்தில் அங்கே உன் மெயிலை யார் யார் படிக்கிறார்களோ தெரியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கீபோர்டைத் தட்டித் தட்டி விரலுக்கு எழுத்தே மறந்துவிட்டது.

அன்றைக்கு நீ போனில் கத்தியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. புதிய இடத்தில் யாருடைய பதிவுகளோ அழிந்துவிட்டன, அழித்தது நீ, காரணம் நான். இவ்வளவுதான் காதில் விழுந்தது. கடைசியாகச் சொன்னது மட்டும் நன்றாகவே கேட்டது. "இனிமே எனக்கு அக்கான்னு யாரும் இல்ல." அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ கோபத்தில் சொல்வதை நான் எப்போது பெரிதாக எடுத்திருக்கிறேன்? ஓரமாக வைத்திருக்கிறேன். கோபம் ஆறியதும் வந்து திரும்ப வாங்கிக்கொள்.

காரணம் நான் என்று நீ சொல்வது அந்த ஒரு வரியைத்தான் என்று நினைக்கிறேன். உன்னிடம் இதுவரை விளக்கிச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் வரைபட ஆபீஸ் சர்வரில் யார் கட்டளை அடிக்கும் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தாலும், அவர்கள் ஒரு எழுத்தைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு பொது ஃபைல் படிக்கப்படும். அது எல்லோருக்கும் ஒன்றுதான். பெரிய அதிகாரி திறந்தாலும் அதுதான், நேற்றுச் சேர்ந்தவர் திறந்தாலும் அதுதான். அதற்குப் பிறகுதான் அவரவருடைய சொந்த ஃபைல். பொது ஃபைலில் நான் ஒரு வரி எழுதி வைத்தேன். யாராவது ஆர்.எம். என்று, அதாவது ஃபைலை அழிக்கும் கட்டளையை, அடித்தால் அழித்துவிடாதே, கூடை என்று நான் வைத்திருக்கும் தனி இடத்துக்கு நகர்த்திவிடு. அவ்வளவுதான் அந்த வரி. அடித்தவருக்கு ஃபைல் போய்விட்டதாகத் தோன்றும். பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தால், கூடைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுப்பேன். நாளாக ஆக அவர்களே கூடைக்குள் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். நீயும் அப்படித்தான் கற்றுக்கொண்டாய்.

அந்த வரியால் இங்கே எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் தெரியுமா? அதனால் ஒருவருக்குக் கெடுதல் வந்தது என்றால் என்னால் நம்ப முடியவில்லை. என்ன நடந்தது என்று ஆர அமர எழுது. சாப்பிடுகிறாயா என்றும் எழுது.

உன் அக்கா


ஜூன் 11

வரைபட அலுவலக சர்வர் அறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

அக்கா என்று யாரும் இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் நீ மீதிக்கும் சேர்த்துப் பதில் சொல்லி முடித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது. அதனால் கடிதமே நல்லது.

நடந்தது இதுதான்.

இந்தக் கடல் ஆய்வகத்தில் ஒரு அம்மா இருக்கிறார். எல்லோரும் அவரைத் திமிங்கலக்காரி என்றுதான் சொல்கிறார்கள். அவர் காதுபடவே சொல்கிறார்கள், அவரும் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்கிறார். படகில் போய்த் தண்ணீருக்குள் மைக்கை இறக்கி, திமிங்கலம் பேசுவதைப் பதிவு செய்வதுதான் அவர் வேலை. ஆண்டுக்கு ஒரு முறைதான் அவை இந்தப் பக்கமாகக் கடந்து போகும். இந்தத் தடவை ஒரு தாயும், பிறந்து சில நாளே ஆன குட்டியும் படகுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கின்றன. குட்டி சத்தம் போடத் தெரியாமல் போட்டுப் பார்க்க, தாய் அதையே திருப்பிச் சொல்லிக் காட்டியிருக்கிறது. அப்படி ஒரு வாரம். இத்தனை ஆண்டுகளாகக் காத்திருந்தது இதற்குத்தான் என்று, கரைக்கு வந்ததும் என்னைப் போன்ற புது ஆளிடம்கூட நிறுத்தி வைத்துச் சொன்னார்.

பதிவுகளைச் சர்வரில் ஏற்றினார்கள். மறுநாள் விடியும் முன் படகு கிளம்ப வேண்டும், அதனால் மெமரி கார்டுகளை உடனே துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். ராத்திரியில்தான் இங்கே எல்லாவற்றுக்கும் நகல் எடுக்கும். இடைப்பட்ட அந்தச் சாயங்காலத்தில் சர்வரில் இடம் நிறைந்துவிட்டது, கொஞ்சம் ஒழித்துக் கொடு என்று என்னிடம் சொன்னார்கள்.

நான் எப்படி ஒழிப்பேன் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். மொத்தத்தையும் ஆர்.எம். போட்டுத் தள்ளிவிடுவேன். பிறகு கூடைக்குப் போய், வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவேன். பத்து வருஷம் உன் ஆபீஸில் அப்படித்தான் செய்தேன். "பையன் படு வேகம்" என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்.

தள்ளினேன். எடுக்கப் போனேன். கூடை இல்லை.

இங்கே தேடினேன், அங்கே தேடினேன், பிறகு சர்வர்காரரிடம் போய்க் கூடை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"கூடையா? எந்தக் கூடை?"

"ஆர்.எம். போட்டா போகுமே, அந்தக் கூடை."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "தம்பி, ஆர்.எம். போட்டா அழிஞ்சிடும். உலகம் பூரா அப்படித்தான். உனக்கு யாரு வேற மாதிரி சொன்னா?"

யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். நீ ஒரு சொல்லுக்கு வேறு அர்த்தம் வைத்தாய். வைத்ததை என்னிடம் சொல்லவில்லை. நான் அதுதான் அர்த்தம் என்று நம்பி, அந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் வந்துவிட்டேன்.

திமிங்கலக்காரி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வந்து என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அடுத்த வருஷம் அந்தக் குட்டி வரும். ஆனா குட்டியா வராது," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஜூலை எட்டாம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்கள். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்வதை யாரும் நம்பவில்லை. பத்து வருஷம் இதே வேலை பார்த்தவனுக்கு ஆர்.எம். என்றால் என்னவென்று தெரியாதா என்கிறார்கள். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சாப்பிடுகிறேன்.


ஜூன் 17

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அந்தக் குட்டியைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் மேலே படிக்க முடியவில்லை.

ஆனாலும் என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும். நீ சேர்வதற்கு முன்னால் எல்லைப் பிரிவில் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசாதவர். ஒரு நாள் மதியம் ஆர்.எம். போட்டுவிட்டு, நடுவில் தவறுதலாக ஒரு இடைவெளி விழுந்து, ஒரு ஆற்றுப்படுகையின் வரைபடம் முழுவதையும் அழித்துவிட்டார். அந்த நாளில் இந்த நகல் கிகல் எல்லாம் கிடையாது. பழைய காகிதங்களை வைத்துக்கொண்டு நாங்கள் மறுபடி வரைந்தோம். மாதக்கணக்கில் வரைந்தோம். அவர் மட்டும் வரவில்லை. மறுநாளே வேலையை விட்டுவிட்டார். போகும்போது மேஜையைத் துடைத்துவிட்டுப் போனார். அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்கக் கூடாது என்றுதான் அந்த வரியை எழுதினேன். எனக்குப் பெருமை தேட எழுதவில்லை.

அவரவர் சொந்த ஃபைலில் அவரவர் எழுதிக்கொள்ளட்டுமே என்று நீ கேட்பாய். அவரவர் எங்கே எழுதிக்கொள்கிறார்கள்? வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு யாருக்கு அப்படி ஒரு ஃபைல் இருப்பதே தெரியும்? விழுந்து அடிபட்ட பிறகுதான் தெரியும். பொது ஃபைல் இருப்பதே தெரியாதவர்களுக்காகத்தான். தெரிந்தவர்களுக்கு அது எதற்கு?

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொன்னால் அசட்டையாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். கீழே வலை கட்டியிருக்கிறது என்று தெரிந்தால் யாரும் பார்த்து நடக்க மாட்டார்கள். தெரியாமல் இருந்தால் பயந்து நடப்பார்கள், விழுந்தாலும் அடிபடாது. இது தப்பா? நீயே கண்டுபிடித்துக்கொண்டு இப்படித் துள்ளி விளையாடுவாய் என்று நான் கண்டேனா?

உன்னை வளர்த்ததும் அப்படித்தான். சின்ன வயதில் நீ கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாய். எனக்கு வேண்டாம், ஒருநாளும் வேண்டாம் என்பாய். நான் ஒன்றும் பேசாமல் தட்டை மூடி வைப்பேன். அரை மணி கழித்துப் பூனை மாதிரி வந்து மூடியைத் திறப்பாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ வேண்டாம் என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கு இத்தனை உயரம் வளர்ந்திருப்பாயா?

சரி, அதை விடு. எட்டாம் தேதி நான் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். அந்த வரியை எழுதியவள் நான்தான், இவனுக்கு அது தெரியாது, இங்கே பத்து வருஷமும் அந்தச் சொல்லுக்கு இதுதான் அர்த்தம் என்று அவர்கள் முன்னால் சொல்கிறேன். பொது ஃபைலை அச்சடித்துக் கையில் கொண்டு வருகிறேன். நம்பாமல் எங்கே போவார்கள்?

உன் அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

கை பழக்கத்தில் அக்கா என்று எழுதிவிட்டது. அடித்துத் திருத்த மனம் வரவில்லை. இருக்கட்டும்.

எல்லைப் பிரிவுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வரியை வேறு மாதிரி பார்த்திருப்பேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே பொது ஃபைலில் ஒன்றுமே கிடையாது. வெறும் ஃபைல். "அவங்கவங்க திரை, அவங்கவங்க பாடு," என்கிறார் சர்வர்காரர். அதுவும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக வந்தவனுக்குக் கருவிகள் எந்த மூலையில் இருக்கின்றன என்றுகூடத் தெரியாமல் முதல் வாரம் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தேன். திறந்தவுடன் "இங்கே அழித்தால் திரும்ப வராது" என்று ஒரே ஒரு வாக்கியம் தெரியும்படி அந்த ஃபைலில் போட்டிருந்தால், இந்தக் கடிதங்களே இருந்திருக்காது. ஆக, பொது ஃபைல் வேண்டும்தான். மாடிப்படி எங்கே இருக்கிறது, குடிதண்ணீர் எங்கே இருக்கிறது, எந்தக் கதவு உள்பக்கம் திறக்கும், இதையெல்லாம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லலாம். ஆனால் ஒருவன் சொல்லும் சொல்லுக்கு அர்த்தத்தை மாற்றி வைக்கலாமா? அதுவும் அவனிடம் சொல்லாமல்? எல்லோர் தலையிலும் வரி போட நீ என்ன அரசாங்கமா? அரசாங்கம்கூடப் போட்டால் போட்டேன் என்று அறிவிக்கும்.

தட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அதன் மிச்சக் கதை உனக்குத் தெரியாது. படிக்கப் போன இடத்தில், ஹாஸ்டலில் முதல் நாளே யாரோடோ சண்டை போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி எழுந்து போனேன். அரை மணி கழித்து வந்தேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நின்று நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் தெரியுமா? யார் மேல் தப்பு என்றே புரியவில்லை. அன்றைக்கே பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. லீவுக்கு வீட்டுக்கு வந்தேன், தள்ளினேன், நீ மூடி வைத்தாய். படித்த கொஞ்சமும் மறந்துவிட்டது.

நான் சொல்லும் எதையும் நீ சொன்னபடி எடுத்துக்கொண்டதே இல்லை. வேறு வேலை தேடிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். என் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அக்கா இல்லை என்று சொன்னேன். ஓரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதுகிறாய். என் வாயிலிருந்து வருவதெல்லாம் உன் கூடையில்தான் போய் விழுகிறது.

எட்டாம் தேதி வராதே. எனக்காக நீ வந்து நின்று பேசி, நான் உன் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வர வேண்டாம். நான் அழித்தேன், நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். வராதே என்றால் வராதே. ஒரே ஒரு தடவையாவது நான் அடித்த சொல் அடித்தபடி வேலை செய்யட்டும்.

தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே போய் உட்காரக்கூட இல்லை. ஹாஸ்டல் தட்டு கதையை இத்தனை வருஷம் கழித்தா சொல்வது?

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பொது ஃபைலைத் திறந்தேன். அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ஆர்.எம். என்றால் ஆர்.எம்., எல்லா ஊரிலும் என்னவோ அதுவே இங்கேயும். மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. நீ சொன்னதைக் கேட்டுவிட்டேன் என்று ஒரு திருப்தி.

யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? இவ்வளவு நாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கு விட்டுவிட்டேன் என்றா? வெட்கமாக இருந்தது. மெதுவாகத் தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாடிக்காரரை உனக்கு மறந்திருக்காது. மலைப் பிரிவில் மூத்தவர், மேஜை மேல் ஒன்றும் நெற்றி மேல் ஒன்றுமாய் எப்போதும் இரண்டு கண்ணாடி வைத்திருப்பாரே. இந்த மாதக் கடைசியோடு அவருக்கு வேலை முடிகிறது. போவதற்கு முன் கிழக்கு மலைத்தொடரின் உயரக்கோடுகளைத் தன் கையால் சரிசெய்து வைத்துவிட்டுப் போவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். அரைகுறையாக இருப்பதை நகலெடுக்கும் இடத்தில் வைக்க மாட்டார். முடிந்த பிறகுதான் வைப்பார், அது அவர் மானப் பிரச்சனை. முந்தாநாள் முடித்துவிட்டார். பழைய பதிப்பு என்று நினைத்துப் புதியதை ஆர்.எம். போட்டார். சிரித்துக்கொண்டே கூடைக்குள் பார்த்தார். பிறகு என் அறைக்கு வந்தார்.

"அம்மா, கூடை காலியா இருக்கு."

வரியை எடுத்துவிட்டதை அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.  "நீங்க எடுத்ததுல எனக்கு வருத்தம் இல்லம்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்திருக்கலாம்," என்றார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்து, முதல் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டார். மாதக் கடைசிக்குள் முடியாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முதுகைப் பார்த்தால் எல்லைப் பிரிவுக்காரர் மேஜையைத் துடைத்தது ஞாபகம் வருகிறது.

நீ வேறு கேட்பாய். ஆமாம், போடும்போதும் கேட்கவில்லை, எடுக்கும்போதும் கேட்கவில்லை. நீ எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

நேற்று உனக்கு விசாரணை. பஸ் டிக்கெட் வாங்கி, பை கட்டி, பொது ஃபைலின் பழைய அச்சுப்பிரதியை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். கிளம்பும்போது உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வராதே என்றால் வராதே. அடியில் கோடு போடவில்லை, ஆனால் பேனாவை அழுத்தியிருந்தது தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் உன் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

என்ன ஆயிற்று? நல்லபடியாக முடிந்ததா? உடனே எழுது.

அக்கா


ஜூலை 16

அக்கா,

விசாரணை முடிந்தது. இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஒரு கேள்வி கேட்டார். "உங்க பழைய ஆபீஸ்ல இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்றதுக்கு யாராவது இருக்காங்களா?" நான் கதவைப் பார்த்தேன். அவரும் திரும்பிக் கதவைப் பார்த்தார். சர்வர்காரர் பார்த்தார், திமிங்கலக்காரியும் பார்த்தார். கொஞ்ச நேரம் அறையிலிருந்த எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் சரி என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

ஏன் கதவைப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நாம் இரண்டு பேரும் இப்படியே இருந்துவிடுவோம்.

அன்று காலையில் சீக்கிரமாகவே ஆய்வக வாசலுக்கு வந்துவிட்டேன். காற்று வாங்க வந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரில் பஸ் நிற்கும் இடம். உன் ஊர் பஸ் வந்தது. இறங்குகிறவர்களைப் பார்த்தேன். அடுத்ததில் வருவாய் என்று நினைத்து, டீக்கடையில் இரண்டு டீ வாங்கி வைத்துக்கொண்டேன். ஒன்றைக் குடித்தேன். இன்னொன்று ஆறி ஆடை கட்டியது. கடைக்காரர், "யாராவது வரணுமா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அதன் பிறகும் ஒரு பஸ் வந்தது. அதையும் பார்த்தேன்.

உன் மேல் கோபம் இல்லை அக்கா. நீ நான் சொன்னதைத்தான் செய்தாய். சொன்னதைச் செய்ய வேண்டும் என்று கேட்டதும் நான்தான். ஆனால் வராதே என்று எழுதும்போது அது எங்கே போய் விழும் என்று என் கைக்குத் தெரியும். வழக்கம்போல நீ அதை ஓரமாக வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாய், ஏன் வந்தாய் என்று நான் கத்துவேன், ஆறிப்போன டீயை நீ குடிப்பாய். கூடை இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அடித்தேன்.

நீ வரியை எடுத்துவிட்டாய். எடுத்ததை என்னிடம் சொல்லவில்லை.

கண்ணாடிக்காரரைப் படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. நானும் அவரும் அடுத்தடுத்த நாளில் ஒரே கூடைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறோம்.

திமிங்கலக்காரி வெளியே வந்த பிறகு என்னிடம் பேசினார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைக்கவில்லையாம். கூடை எங்கே என்று நான் சர்வர்காரரிடம் கேட்டபோது அவர் பின்னால்தான் நின்றிருந்தாராம். நடிக்கிறவன் அப்படிக் கேட்க மாட்டான் என்றார். இதை உள்ளே சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் இழந்ததற்கு முன்னால் எனக்கு அதைக் கேட்க வாய் ஏது?

தம்பி


ஜூலை 22

தம்பி,

அந்த இரண்டாவது டீயை நினைத்து நினைத்து இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. எழுந்து வந்திருக்கலாம். பை கட்டித்தானே இருந்தது. வந்தாலும் தப்பு, வராவிட்டாலும் தப்பு என்று உன் மேல் கோபப்படப் பார்த்தேன். கோபம் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நானே முடிவு செய்திருக்கிறேன். அதுதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

இங்கே செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு மேஜையாகப் போனேன். சர்வர் அறையை விட்டு நான் அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. வரி இருந்தது, எடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலருக்குக் கோபம். ஒரு பெண், "இத்தனை நாளா எங்களைக் குழந்தைன்னு நெனச்சீங்களாக்கும்," என்று கேட்டாள்.  அதன் பிறகு, பொது ஃபைலில் கருவிகள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் வைத்தேன். நீ சொன்ன மாடிப்படியும் குடிதண்ணீரும். திரையைத் திறந்ததும் "இங்கே ஆர்.எம். என்றால் அழிவதுதான்" என்று ஒரு வாக்கியம் வரும்படி செய்தேன். கூடை வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் 'கூடை' என்றே ஒரு புதுச் சொல், அவரவர் சொந்த ஃபைலில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதிக் கொடுத்தேன். பாதிப் பேர் கேட்டார்கள். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டேன். கை துறுதுறு என்றது, ஆனாலும் விட்டுவிட்டேன்.

கண்ணாடிக்காரர் தனக்கு எதுவும் வேண்டாம் என்றார். போகிற நேரத்தில் புதுச் சொல் எதற்கு என்றார். கிழக்கு மலைத்தொடர் பாதியில் நிற்கிறது. மீதியை நான் முடிக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வேண்டாம்மா, அது பாதியாகவே இருக்கட்டும் என்றார். விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த வரியை முதன்முதலாக எழுதிய நாளிலேயே எனக்கு இன்னொரு வகையும் தெரியும். ஆர்.எம். அடித்தால், அழிப்பதற்கு முன்னால் "நிச்சயமா?" என்று கேட்கும். ஆம் என்று சொன்னால்தான் அழிக்கும். கூடையை விட அது சுலபம், அடித்தவருக்கும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கும். அதையும் எல்லோருக்கும் போட்டால் கை அதற்குப் பழகி, கேட்காத ஊரில் போய் மாட்டிக்கொள்ளும் என்று நீ சொல்வாய். சரிதான். ஆனால் நான் அதை விட்டதற்குக் காரணம் அது இல்லை. அது கேள்வி கேட்கும். கேள்வி கேட்பது எனக்குப் பழக்கம் இல்லை. எதிராளியின் மனசு எனக்குத் தெரியும் என்ற நினைப்பிலேயே இத்தனை வயதாகிவிட்டது.

வெளியில் எங்கும் இல்லாத அர்த்தத்தை உன் கையில் கொடுத்து அனுப்பினேன். அந்த அம்மாவின் ஒரு வாரத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. உன் வேலையையும் முடியாது. இரண்டுக்கும் கூடை இல்லை.

நீ அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். தனியாகச் செய்வாய். சாமான்களைக் கட்ட உனக்குத் தெரியாது என்று எழுத வந்தேன், எழுதவில்லை. கேட்கிறேன்.

நான் வரட்டுமா?

ஆம் என்றாலும் இல்லை என்றாலும் எழுதியபடிதான் எடுத்துக்கொள்வேன். நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா


ஜூலை 26

அக்கா,

ஆம்.

பஸ் நிற்கும் இடத்தில் நிற்பேன். டீ நீ இறங்கிய பிறகு வாங்குகிறேன்.

அறையில் எறிய வேண்டியது நிறைய இருக்கிறது. நான் எறிவதைப் பின்னாலேயே வந்து பொறுக்கி எடுத்து வைக்காதே. எறிவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை, நிச்சயமா என்று கேள்.

தம்பி